திருப்பண்டமும் விற்பண்டமும்: ஸ்ரற்போட் முசுக்கட்டை மரத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

நகரத்தில் நின்ற மரமொன்று வெட்டப்பட்டதும் அதன் கதி பெரும்பாலும் இரண்டிலொன்றாக அமையும். அது விறகுகாலைக்குச் செல்லும். அன்றேல் மரக்காலைக்குச் செல்லும். எமது பேச்சுவழக்கில் இவ்விரு சொற்களும் தனித்தனியே வழங்கிவருவது பொருளற்றதன்று. முன்னையதில் மரம் நிறையால் விலைபெறும். பின்னையதில் நீள அகலத்தாலும் வைரத்தாலும் விலைபெறும். கடந்த சில தசாப்தங்களாக மேலை நகரங்கள் பலவற்றில் மூன்றாவது வழியொன்றும் செல்வாக்குப் பெற்றுள்ளது. புயலில் வீழ்ந்தனவும், நோயுற்றனவும், வீதி அகலிப்பிற்காகத் தறிக்கப்பட்டனவுமான நகர மரங்களை மீட்டு, கேட்போரின் விருப்பத்திற்கேற்ப மேசையாகவும் நாற்காலியாகவும் பேழையாகவும் ஆக்கி விற்கும் தொழிலே அது. இங்கு மரம் அதன் வைரத்தால் மட்டுமன்றி, அது நின்ற இடத்தின் பெயராலும் அதனைப்பற்றி வழங்கும் கதையாலும் விலைபெறுகின்றது.

இத்தொழிலைச் சூழற் பாதுகாப்பு உணர்வின் விளைவாக, முற்றிலும் புதியதொன்றாகக் கருதுவோர் உளர். அக்கருத்து ஓரளவிற்கே பொருந்தும். ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தின் சிறு நகரொன்றில், விறகாகப் போகவிருந்த ஒரு மரத்தைத் தொழில்வினைஞர் ஒருவர் வாங்கிப் பலநூறு பண்டங்களாக்கினார். அம்மரம் ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்டமையால் அவ்வரலாறு இலக்கிய மாணவராகிய எமக்கும் உரியதாகின்றது. மரத்தின் பெறுமதியில் உழைப்பின் பங்கு யாது, பெயரின் பங்கு யாது, வீழ்ந்த மரம் யாருக்குரியது என்னும் வினாக்கள் இந்நிகழ்ச்சியிலேயே தெளிவாக எழுந்துவிட்டன. அவற்றை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஷேக்ஸ்பியர் 1597ஆம் ஆண்டிலே தமது பிறந்தகமாகிய ஸ்ரற்போட் நகரில் ‘நியூ பிளேஸ்’ எனும் பெரிய வீட்டை விலைக்கு வாங்கினார். இலண்டன் நாடக அரங்கில் ஈட்டிய பணம் ஊரில் நிலமாகவும் வீடாகவும் மாறியமை அக்காலத்து வளர்ந்துவந்த வர்க்கமொன்றின் பொதுப்போக்கினையே காட்டுகின்றது. அவ்வீட்டுத் தோட்டத்தில் அவர் தம் கையாலேயே முசுக்கட்டை மரமொன்றை நட்டார் என்பது பிற்கால மரபு. அவர் வாழ்ந்த காலத்து ஆவணம் எதுவும் இதற்குச் சான்றாக இல்லை. ஆயினும், அம்மரபு 1609ஆம் ஆண்டைச் சுட்டுவது கவனிப்புக்குரியது.

முதலாம் ஜேம்ஸ் மன்னன் அவ்வாண்டுகளிலேதான் இங்கிலாந்திற் பட்டுக் கைத்தொழிலை நிறுவ முயன்றான். பிறநாட்டுப் பட்டிற்காக வெளியே செல்லும் பணத்தை நாட்டினுள் இருத்துவது வணிகவாத அரசின் நோக்கமாயிருந்தது. அதன்பொருட்டு ஆயிரக்கணக்கான முசுக்கட்டைக் கன்றுகள் நாடெங்கும் நிலவுடைமையாளரிடையே பரப்பப்பட்டன. பின்னாளிற் பக்கிங்ஹாம் மாளிகை எழுந்த இடத்தினருகே மன்னனுக்கெனத் தனித் தோட்டமும் இடப்பட்டது. முயற்சி தோல்வியுற்றது. பட்டுப்புழு விரும்புவது வெள்ளை முசுக்கட்டையின் இலையை. இங்கிலாந்திற் பெரும்பாலும் நடப்பட்டதோ கறுப்பு முசுக்கட்டை என்பது இத்தோல்விக்கு வழமையாகக் கூறப்படும் காரணம். குளிர்ந்த தட்பவெப்பமும் பங்குகொண்டிருக்கலாம். ஷேக்ஸ்பியரே நட்டாரோ அன்றோ, அம்மரம் கவிஞனின் தனிமையில் முளைத்ததன்று என்பதே எமக்கு முக்கியமானது. மரபு சுட்டும் ஆண்டை ஏற்பின், வணிகவாதப் பொருளாதாரத் திட்டமொன்றின் எச்சமாகவே அது அத்தோட்டத்தில் நின்றது.

கவிஞரின் நேர்வழிச் சந்ததி 1670இல் அவரது பேர்த்தியுடன் அற்றுப்போயிற்று. வீடு கிளொப்ரன் குடும்பத்தவர் கைக்கு மீண்டது. 1702ஆம் ஆண்டளவில் அது பெரிதும் இடித்துக் கட்டப்பட்டது. ஆகவே, 18ஆம் நூற்றாண்டில் ஸ்ரற்போட்டுக்கு வந்தோர் கண்ட வீடு கவிஞர் வாழ்ந்த வீடன்று. எஞ்சியிருந்தது மரமொன்றே. 1742இல் நடிகர்களான டேவிட் காரிக்கும் சார்ள்ஸ் மக்ளினும் அம்மரத்தின் கீழ் உபசரிக்கப்பட்டனர் என்பர். வீடு மாறியதற்கேற்ப மரத்தின் மகிமை ஏறிற்று.

3

அடுத்து அவ்வீட்டை வாங்கியவர் பிரான்சிஸ் கஸ்ரெல் எனும் மதகுரு. மரத்தைக் காண வருவோரின் தொல்லையைப் பொறாத அவர், 1756இல் அதனை வெட்டுவித்தார். நகரத்து மக்கள் அவரது வீட்டு யன்னல்களை உடைத்தனர். ஆண்டின் ஒரு பகுதியை அவர் லிச்பீல்ட் நகரிற் கழித்துவந்தார். ஆயினும் வறியோர் பராமரிப்பு வரியை முழுமையாகச் செலுத்துமாறு கேட்கப்பட்டார். அதனாற் சினந்து 1759இல் வீட்டையே தரைமட்டமாக்கினார். சட்டத்தின் கண்ணில் அவர் குற்றமெதுவும் புரிந்தாரல்லர். மரமும் அவருடையது, வீடும் அவருடையது. தனியுடைமை உரிமையின் முழுமையை அவர் எவ்விதப் பூச்சுமின்றி நிகழ்த்திக் காட்டினார் என்பதே உண்மை. கஸ்ரெலின் குணக்கேட்டைப் பற்றி எழுதப்பட்டுள்ள அளவிற்கு இவ்வுரிமையைப் பற்றி எழுதப்படவில்லை.

வெட்டிய மரம் விறகாகவே விற்கப்பட்டது. அதன் பெரும்பகுதியை வாங்கியவர் தோமஸ் ஷார்ப் எனும் உள்ளூர் மணிக்கூட்டு வினைஞர். நுண்கருவிகளைக் கையாளப் பழகிய அவர் கையில் அது மூக்குத்தூள் டப்பி, தேயிலைப் பேழை, கிண்ணம், பதக்கம் முதலாய சிறு பொருட்களாயிற்று. மரத்தின் இயல்பே இவ்வடிவங்களைப் பெரிதும் விதித்தது எனலாம். முசுக்கட்டை நெடிதுயரும் மரமன்று. குறுகிய அடியும் கோணிய கிளைகளும் உடையது. நீண்ட பலகையை அதிலிருந்து பெறுதல் அரிது. ஆனால் அதன் வைரம் செறிவுடையது. செதுக்கலுக்கும் கடைசலுக்கும் இசைவது. அறுத்தவுடன் மஞ்சளாகத் தோன்றி, ஒளியும் காற்றும் படப்பட ஆழ்ந்த கபிலமாகும். இவ்வாறு கருத்தல் புதிய பண்டத்திற்கும் பழைமையின் சாயலைக் கொடுத்தது. ஓரங்குலத் தடிப்புள்ள பலகை காற்றில் உலர்வதற்கு ஏறத்தாழ ஓராண்டு செல்லும் என்பது தச்சர் கணக்கு. விறகுவிலைக்கு வாங்கிய மரத்தை அவ்வளவு காலம் அடுக்கிவைத்துக் காத்திருப்பதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. சிறிதளவேனும் முதலும், சந்தை பற்றிய நம்பிக்கையும் வேண்டும். ஷார்ப்பிடம் இவை யாவும் இருந்தன.

அவரிடமிருந்து மரம் ஒருபோதும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பண்டங்கள் பெருகின, ஐயமும் பெருகிற்று. 1799இல் மரணப்படுக்கையிலிருந்த ஷார்ப், தாம் விற்றவை யாவும் அம்மரத்திலிருந்தே ஆக்கப்பட்டவை எனச் சத்தியஞ்செய்து எழுத்தில் ஒப்பமிட்டார். 1819இல் வெளிவரத் தொடங்கிய தமது சித்திரக் கட்டுரைத் தொகுதியிலே அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்ரன் இர்விங், தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் ஆற்றலில் இம்மரம் திருச்சிலுவை மரத்திற்கு இணையானதென எள்ளினார். இவ்வெள்ளல் தொடும் உண்மை ஆழமானது.

எமது கத்தோலிக்க மக்களிடையே புனிதர்களின் எலும்பு, உடை முதலியவற்றைக் குறிக்கத் ‘திருப்பண்டம்’ என்னும் சொல் வழங்குகின்றது. இங்கிலாந்திலே 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தம் திருப்பண்டங்களை மூடநம்பிக்கையெனக் கூறி அகற்றியது; கன்ரர்பரியிலே தோமஸ் பெக்கற்றின் புனிதபீடம் 1538இல் அழிக்கப்பட்டது. இரு நூற்றாண்டுகள் கழிந்து, அதே நாட்டிற் கவிஞன் ஒருவன் பெயரால் திருப்பண்டம் மீண்டது. ஆனால் அது இம்முறை கோவிலுக்கு வரவில்லை, கடைக்கு வந்தது. ‘திரு’ என்னும் அடை போய், பண்டமே எஞ்சிற்று என்பது பொருந்தாது. அடையே பண்டத்தின் விலையாயிற்று என்பதே பொருந்தும்.

4

ஸ்ரற்போட் நகரசபை இதனை விரைவில் உணர்ந்தது. புதிதாகக் கட்டிய நகரமண்டபத்திற்குக் கவிஞரின் சிலையொன்று வேண்டியிருந்தது. இலண்டன் துறூரி லேன் அரங்கின் அதிபராய்ப் புகழும் செல்வமும் பெற்றிருந்த காரிக்கிடமிருந்து அதனைப் பெறும்பொருட்டு, அவருக்கு நகரின் கௌரவக் குடியுரிமையை வழங்கத் தீர்மானித்தனர். அவ்வுரிமைப் பத்திரத்தை இடுவதற்கு முசுக்கட்டை மரத்தாற் பேழையொன்று செய்விக்கப்பட்டது. அதனைச் செதுக்கியவர் பர்மிங்காமைச் சேர்ந்த தோமஸ் டேவிஸ் எனும் கலைஞர். பேழையின் ஒரு பக்கத்திலே புயலின் நடுவே லியர் மன்னனாக நிற்கும் காரிக்கின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. இன்று அது பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. காரிக்கிற்காக ஹோகாத் வடிவமைத்த நாற்காலியொன்றின் முதுகிற் பதிந்த கவிஞர் பதக்கமும் இம்மரத்திலானதே எனப்படுகின்றது.

கேட்பவரின் தேவைக்கேற்பச் செய்யப்படும் மரவேலை என்பதற்கு இப்பேழை சிறந்த எடுத்துக்காட்டாகும். கவிஞரின் மரத்திலே நடிகரின் உருவம் செதுக்கப்பட்டது என்பது நினைவிற் கொள்ளற்பாலது. மரம் ஒருவரின் பெயரைத் தந்தது. செதுக்கல் மற்றொருவரின் பெயரை அதன்மேல் ஏற்றியது. செதுக்கியவரின் பெயர் ஆவணத்தில் எஞ்சியுள்ளது. மரத்தை அறுத்தோர், கடைந்தோர், மெருகிட்டோர் பெயர்களை நாம் காணமுடியாது.

1769 செப்ரெம்பரிற் காரிக் ஸ்ரற்போட்டில் நடத்திய மூன்று நாள் ஷேக்ஸ்பியர் விழாவிலே முசுக்கட்டைப் பதக்கம் அவர் மார்பில் தொங்கியது. முசுக்கட்டைக் கிண்ணத்தைக் கையிலேந்தி மரத்தைப் புகழும் பாடல் பாடப்பட்டது. பெருமழையால் ஆறு பெருகியது. நாடக மாந்தரின் ஊர்வலம் கைவிடப்பட்டது. அவ்விழாவில் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றேனும் நடிக்கப்படவில்லை. ஆயினும் மழையில் நின்றுபோன ஊர்வலத்தைக் காரிக் அதே ஆண்டில் இலண்டன் மேடையேற்றி, ஏறத்தாழ 90 இரவுகள் நடத்தி, இழந்த பணத்தை மீட்டார்.

கவிஞரின் சொல்லை விட்டு அவரது மரத்தைக் கொண்டாடியமையை வெறும் மடைமையென ஒதுக்கிவிடலாகாது. அக்காலத்து நூல் வணிகத்தோடு இணைத்து இதனை நோக்குதல் வேண்டும். 1709இல் ரோ என்பாரின் பதிப்பு வெளிவந்த காலந்தொட்டு ஷேக்ஸ்பியர் நூல்களின் பதிப்புரிமையை இலண்டன் ரொன்சன் நிறுவனம் தனதெனக் கொண்டாடிவந்தது. 1710ஆம் ஆண்டுச் சட்டம் கால எல்லை விதித்த பின்னரும் இலண்டன் நூல்வணிகர் நிரந்தர உரிமை கோரினர். 1774இல் பிரபுக்கள் சபை அக்கோரிக்கையை நிராகரித்தது. அதன்பின் ஷேக்ஸ்பியரை எவரும் அச்சிடலாம். அச்சேறிய சொல் எல்லார்க்கும் உரியதாயிற்று. எத்தனை படிகளும் எடுக்கலாம். ஒரு படி மற்றொரு படிக்குத் தாழ்ந்ததன்று. மலிவாகும் பண்டத்தாற் கௌரவம் தேட முடியாது. படியெடுக்க முடியாதது, ஒருவர் வைத்திருந்தால் மற்றவர் வைத்திருக்க முடியாதது ஒன்று வசதிபடைத்த வாசகனுக்குத் தேவைப்பட்டது. மரத்துண்டு அத்தேவையை நிறைவேற்றிற்று. சந்தையோ அத்தனிப்பொருளையும் நூலைப்போலவே பெருக்கித் தள்ளியது. ஷார்ப்பின் சத்தியவாக்கு இம்முரண்பாட்டின் மீது இடப்பட்ட முத்திரையாகும்.

5

மரமும் உடைமையும் பற்றிய வினா மார்க்ஸின் சிந்தனை வளர்ச்சியில் முக்கிய இடம்பெறுவது. 1842இல் ‘ரைன் செய்தி’யில் அவர் எழுதிய கட்டுரைகள் மரத்திருட்டுச் சட்டம் பற்றியவை. காட்டில் உதிர்ந்துகிடக்கும் சுள்ளியைப் பொறுக்கும் ஏழையைத் திருடனாக்கும் சட்டத்தை எதிர்த்து, வீழ்ந்த மரத்திற்கும் நிற்கும் மரத்திற்கும் வேறுபாடுண்டென அவர் வாதிட்டார். பொருளாதார வினாக்களில் தம்மை முதன்முதல் ஈடுபடுத்தியவற்றுள் இவ்விவாதமும் ஒன்றென 1859இல் அவரே நினைவுகூர்ந்தார். ‘மூலதனம்’ முதற் பாகத்திற் பண்ட வழிபாட்டை விளக்கவந்தபோதும் அவர் எடுத்துக்கொண்டது ஒரு மரமேசையையே. மரம் மேசையானபின்னும் அது சாதாரண மரமே. பண்டமாய்ச் சந்தைக்கு வந்ததும் புலனுக்கெட்டாத மாயத்தன்மை பெறுகின்றது என்பது அவர் விளக்கம்.

ஸ்ரற்போட் முசுக்கட்டை இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புகின்றது. ஆனால் மார்க்ஸின் மேசையினும் ஒரு படி அப்பாற் செல்கின்றது. அவர் காட்டிய மேசையில் உழைப்பே பெறுமதியாக உறைந்திருந்து, பொருளின் இயல்பாகத் தோன்றுகின்றது. முசுக்கட்டைப் பேழையிலோ செதுக்குவோனின் உழைப்பு கண்முன்னே நின்றும், விலைக்குக் காரணமாகக் காட்டப்படுவது நட்டவனின் கை. ஒரு கணம் மண்ணைத் தொட்டதாகச் சொல்லப்படும் அக்கை, நான்கு திங்கள் உளிபிடித்த கையிலும் மேலானதாகின்றது.

இதே நூற்றாண்டில் அரச கப்பற்றுறைகளிலே தச்சர்கள் கழிவுமரத் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துச்செல்லும் வழக்குரிமை பெற்றிருந்தனர் என்பதையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். அவ்வுரிமை கூலியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. நிருவாகம் அதனைக் களவென நோக்கி ஒடுக்கிவந்தது; 1801இல் அதற்கீடாகச் சிறுதொகைப் பணம் வழங்கி அதனை ஒழித்தது. ஒரே மரத்துண்டு, உழைப்பவன் கொண்டுசென்றபோது களவு எனப்பட்டது. கனவான் விலைகொடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தபோது பண்பாடு எனப்பட்டது.

6

அடுத்த நூற்றாண்டில் இக்கதை அமெரிக்காவில் வேறு வடிவில் நிகழ்ந்தது. கனெற்றிக்கட் மாநிலத் தலைநகராகிய ஹாட்போட்டில் நின்ற முதிய ஓக் மரமொன்று 1856 ஓகஸ்ட் 21ஆம் திகதி புயலில் வீழ்ந்தது. 1687இல் குடியேற்றத்தின் உரிமைச் சாசனம் ஆங்கில ஆளுநரிடமிருந்து இம்மரப் பொந்தில் மறைத்துவைக்கப்பட்டது என்பது மரபு. கவிஞனின் பெயர் நின்ற இடத்தில் இங்கே தேசத்தின் பெயர் நின்றது. மரத்தின் துண்டுகள் நாற்காலியாகவும், மேசையாகவும், சட்டகமாகவும் ஆயின. மாநிலச் செனற் சபையின் தலைவருக்கென அம்மரத்தாற் செதுக்கப்பட்ட ஆசனம் உள்ளது. ஹாட்போட்டிலிருந்து சோல்ற் லேக் நகர் வரை பலகைப்பாதை அமைக்கப் போதுமான அளவிற்கு இம்மரம் உளதென மார்க் ட்வைன் கேலிசெய்தார்.

அம்மரத்தால் 1857இற் செய்யப்பட்ட தொட்டிலொன்று தனிக்கவனத்துக்குரியது. அது துப்பாக்கித் தொழிலதிபர் சாமுவேல் கோல்ற்றின் மகவுக்காகச் செய்யப்பட்டது. ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய உறுப்புகளை இயந்திரத்தாற் பெருந்தொகையாக ஆக்கும் முறையிலே கோல்ற்றின் தொழிற்சாலை முன்னின்றது. ஒரே அச்சில் ஆயிரம் கைத்துப்பாக்கிகளை வார்த்தெடுத்தவரின் குழந்தை, இணையற்ற தொட்டிலில் உறங்கியது. இதனை முரணென்பதிலும் நியதியென்பதே தகும். இயந்திர உற்பத்தி எப்பொருளையும் ஒருதன்மைத்தாக்கும்போது, தனித்த பொருளும் கைவினையும் உடையோரின் சின்னங்களாகின்றன. ஸ்ரற்போட்டில் அச்சுநூல் தோற்றுவித்த தேவையை ஹாட்போட்டில் தொழிற்சாலை தோற்றுவித்தது.

இம்மரபு இன்னும் அறுந்துவிடவில்லை. மேரிலாந்து மாநிலத்து அனாபொலிஸ் நகரிற் சுதந்திர மரம் எனப் போற்றப்பட்ட மரம் புயலாற் சிதைந்து 1999இல் வெட்டப்பட்டபோது, அதன் மரத்தால் 400 கிற்றார்கள் செய்யப்பட்டன.

7

ஆயினும், இன்றைய நகரமர மீட்புத்தொழில் முழுவதையும் திருப்பண்ட வணிகமென ஒதுக்குதல் தவறாகும். பெயர்பெற்ற மரங்கள் சில, பெயரற்றவை கோடிக்கணக்கானவை. 2002இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற் கண்டறியப்பட்ட மரகதநிற வண்டு, நகர வீதிகளில் நிழல்தந்த ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. இவ்வாறு வீழும் நகர மரங்களைப் பெரிய ஆலைகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அடிமரம் குட்டையானது, கிளைகள் தாழ்வானவை. விளம்பரம் அறைந்த ஆணியும் வேலிக் கம்பியும் மரத்தினுள் வளர்ந்து மூடப்பட்டு, அரிவாளின் பல்லை முறிக்கும். ஆகவே நல்ல வைரமும் தூளாக்கப்பட்டோ குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டோ போயிற்று. அதனை மீட்கும் சிறு வினைஞன், உலோகங்காட்டியால் ஆணியைத் தேடிப் பிடுங்கி, கோணலுக்கேற்ப அறுத்து, ஆண்டுக்கணக்கில் உலர்த்தி, வெடிப்பை ஆப்பிட்டுப் பிணைத்து மேசையாக்குகின்றான். இங்கே பயன்பெறுமதி உண்மையானது, உழைப்பும் உண்மையானது.

பல்ரிமோர் மாநகரசபை இவ்வகையில் மேற்கொண்ட முயற்சி குறிப்பிடத்தக்கது. நகரில் வீழும் மரங்கள் குவியும் ‘காம்ப் ஸ்மோல்’ எனும் தனது களத்தை அது 2016 முதல் மரக்காலையாக மாற்றியமைத்தது. அறுக்கத்தக்கவை மரவேலைக்கும், ஏனையவை விறகு, மரத்தூள், பசளை என்பனவற்றிற்கும் பிரித்தெடுக்கப்படுகின்றன. முதலாளித்துவச் சந்தைக்குள்ளேயே இயங்கும் இவ்வேற்பாட்டைச் சோசலிச முன்மாதிரியெனப் புகழ்வதற்கில்லை. எனினும், பொதுப்பணத்தில் நட்டு, பொதுவீதியில் வளர்ந்த மரம் வீழ்ந்த பின்னும் பொதுச்சொத்தே என்னும் கருத்தை அது நடைமுறையில் ஏற்கின்றது.

இக்கருத்து புதியதன்று. 1756இல் கஸ்ரெலின் யன்னல் மீது கல்லெறிந்தோர், தங்களுக்குச் சட்டப்படி உரித்தல்லாத மரத்தைத் தங்களதென்றே கருதினர். அவ்வுணர்வுக்கு வடிவம் கொடுக்கத்தக்க நிறுவனமெதுவும் அன்று இருக்கவில்லை. எனவே அது சில கண்ணாடிகளை உடைத்ததோடு நின்றது. அவர்களது நகரசபையே சில ஆண்டுகளில் அம்மரத்தைக் கனவானொருவரின் தயவைப் பெறும் கருவியாக்கியது.

மேற்கூறியவாற்றால், மீட்கப்பட்ட மரத்தாலான தளபாடமொன்றை மதிப்பிடுங்கால், மரம் யாருடையதாயிருந்தது, அதில் உழைத்தவர் யாவர், விலையிற் பெயருக்குச் செல்வது எவ்வளவு, உழைப்புக்குச் செல்வது எவ்வளவு என வினவுதல் அவசியமென்பது பெறப்படும். இவ்வினாக்களை மரவேலையோடு நிறுத்திவிடவும் இயலாது. கவிஞனின் வீடு, கவிஞனின் பேனா, கவிஞனின் கையெழுத்துப்படி என்பனவற்றில் மெய்சிலிர்த்து, அவன் எழுதியதைப் படியாதிருக்கும் விழாக்கள் இலக்கிய உலகில் இன்றும் குறைவின்றி நடைபெறுகின்றன. ஸ்ரற்போட் மழையில் நாடகமின்றி நடந்தேறிய விழாவைக் கண்டு நகைப்பதற்கு முன்னர், எமது துறையிற் புழங்கும் முசுக்கட்டைத் துண்டுகளையும் நாம் எண்ணிப்பார்த்தல் தகும்.